மூலம் என்று நான் எழுதிய சீட்டு

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர்களும் நர்சுகளும் படிப்பதற்கு உங்கள் அனுபவத்தில் ஒன்றை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். முப்பத்தொரு வருடம் தஞ்சாவூர் மாவட்டத்தில் அரசு டாக்டராக வேலை பார்த்தவன் நான். பாம்புக்கடி, ரோட்டில் நடந்த பிரசவம், பூச்சிமருந்து குடித்தவரைப் பிழைக்க வைத்தது என்று சொல்லிக்கொள்ளும்படியான கதைகளும் என்னிடம் உண்டு. அவற்றைக் கல்யாண வீடுகளில் போதுமான அளவு சொல்லிவிட்டேன். எங்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

என் கடைசி இரண்டு வருடம் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் கழிந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் வட்டாரத்தில் ஒரு பரிசோதனையை ஆரம்பித்தார்கள். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஒரு சின்ன டப்பா கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டில் கொஞ்சம் மலத்தை அதில் எடுத்துத் தர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்தம் இருந்தால் தஞ்சாவூருக்கு அனுப்பி, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். பெருங்குடலில் வரும் புற்றுநோயை அது கட்டியாக வளர்வதற்கு முன்பே பிடித்துவிடலாம் என்பதுதான் இதன் பயன்.

டப்பாவை வாங்க ஆள் இல்லை. நீரிழிவுக்கு ரத்தம் எடுக்கக் கையை நீட்டுகிறவர்கள் டப்பாவைக் கண்டதும் வீட்டுக்குள் போய்விடுவார்கள். எங்கள் கிராம சுகாதார செவிலியர் தெருத் தெருவாக நடந்தார். அவரை நாங்கள் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன். ஒரு வாரத்தில் அவருக்குத் திரும்பி வந்தவை மூன்று டப்பாக்கள். அதில் ஒன்றில் மாட்டுச் சாணம் இருந்தது.

அந்த நிலையை மாற்றியவர் கனி பாய். கடைத்தெருவில் அவருக்கு ஒரு கடை. தார்ப்பாய், சாக்கு, கயிறு, மண்வெட்டி, மருந்து தெளிக்கும் கைப்பம்பு என்று வயல்காரனுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். சுற்றிலும் இருபது ஊர்க்காரர்கள் அவர் கடைக்கு வராமல் ஒரு போகம் முடிவதில்லை. வயது அறுபத்திரண்டு. என்னிடம் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வருவார். வந்தால் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார். அந்த ஊரில் எனக்கு நண்பர் என்று சொன்னால் அவர் ஒருவர்தான்.

அவர் கடையில் வைத்துப் பேசினால் நாலு பேர் கேட்பார்கள் என்று சிஸ்டரை அழைத்துக்கொண்டு நான் போனேன். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த புதிது. கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சிஸ்டர் டப்பாவை எடுத்ததும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். கனி பாய் கையை நீட்டி ஒரு டப்பாவை வாங்கி, திறந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"இவ்வளவு சின்னதாவா கேக்குறீங்க? நான் என்னமோ மரக்கால் கணக்குல கேக்குறீங்கன்னு பயந்துட்டேன்" என்றார். பிறகு நின்றிருந்தவர்களைப் பார்த்து, "ஏம்ப்பா, தெனம் வாய்க்காக் கரையில சும்மா விட்டுட்டு வர்றீங்க. ஒரு நாளைக்கு சிஸ்டருகிட்ட குடுத்தா என்ன கொறஞ்சு போயிடும்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபிறகு வாங்காமல் போக முடியவில்லை. அன்று மட்டும் அந்தக் கடையில் பத்து டப்பா போயிற்று. அதன்பிறகு டப்பாக்களைக் கடையிலேயே வைத்துக்கொண்டார். சாக்கு வாங்க வருகிறவரிடம் வயதைக் கேட்பார். ஐம்பது என்றால் சாக்கோடு டப்பாவும் போகும். மறுநாள் காலையில் தன்னுடையதைத் தானே சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வட்டாரத்தில் எங்களுடைய இடத்தில்தான் அதிகம் டப்பா திரும்பியது. கூட்டத்தில் எழுந்து நின்று பாராட்டை வாங்கிக்கொண்டவன் நான்.

மூன்று வாரத்தில் முடிவுகள் வந்தன. ரத்தம் இருப்பதாக வந்த பெயர்களில் கனி பாயின் பெயரும் இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். டப்பாவில் ரத்தம் தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவர்களுக்கு வேறு காரணம் இருக்கும். ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். பாயைக் கூப்பிட்டு நான் சொல்லியிருக்க வேண்டியதும் இவ்வளவுதான். "உங்க டப்பாவுல ரத்தம் தெரிஞ்சிருக்கு. நிறைய பேருக்கு அது பெருசா ஒண்ணும் இருக்காது. ஆனா எங்கேருந்து வருதுன்னு உள்ள பாக்காம நானும் சொல்ல முடியாது, நீங்களும் விட முடியாது. வர்ற வாரம் தஞ்சாவூர் போவோம்." இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? இதை இப்போது வீட்டில் தனியாக இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நான் அதைச் சொல்லாமல், குவைத்தில் இருந்த அவர் மகன் ரியாஸுக்குப் போன் செய்தேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரியவருக்கு ஏதாவது என்றால் முதலில் பிள்ளையிடம் சொல்வோம். உடம்பு அவருடையது, ஆனால் சேதி பிள்ளைக்கு. இதை மரியாதை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். என்னைப் பொறுத்தவரை அது மரியாதை இல்லை. பாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என் பேச்சைக் கேட்டு முதலில் டப்பா வாங்கியவர் அவர். ஊரையே வாங்க வைத்தவர். அவருக்கே இப்படி வந்ததை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டேன்.

அத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்றான் ரியாஸ். அப்பாவை அவன் அத்தா என்றுதான் கூப்பிடுவான். தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். இந்தச் சேதி வெளியே போனால் மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று அவனுக்குப் பயம். அத்தா மனசு விட்டுவிடுவார் என்றான். இரண்டு மாதத்தில் லீவில் வந்து தானே தஞ்சாவூருக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னான். அதுவரைக்கும் ஏதாவது சொல்லி வையுங்கள் சார் என்று கெஞ்சினான். எனக்கு அது வசதியாக இருந்தது. சரி என்றேன்.

மறுநாளே பாய் வந்துவிட்டார். என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, "என்ன சார், எம்பேரு பாஸா பெயிலா?" என்று கேட்டார். சிஸ்டர் பக்கத்தில் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தார்.

கொஞ்சம் ரத்தம் வந்திருக்கிறது, மூலமாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்றேன். அவர் முகம் தெளிந்தது. கொஞ்ச நாளாக ரத்தம் படுகிறது, உட்கார்ந்தே வியாபாரம் பார்ப்பதால் சூடுதான் என்று தானும் நினைத்ததாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் நான் எழுந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் போகிறது என்று ஒருவர் சொல்கிறார். கையுறை போட்டுக்கொண்டு விரலால் உள்ளே பார்ப்பது ஒரு நிமிட வேலை. திரை இருக்கிறது, கட்டில் இருக்கிறது. ஆனால் கனி பாயை, என்னோடு உட்கார்ந்து டீ குடிக்கிறவரை, கைலியை அவிழ்த்து ஒருக்களித்துப் படுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டப்பாவை வாங்க வெட்கப்படாதீர்கள் என்று ஊர் ஊராகப் பேசியவன் நான். அந்த ஒரு நிமிடத்தில் வெட்கப்பட்டவர் பாய் அல்ல.

"எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றார் அவர். "தமிழ்ல எழுதுங்க. வீட்டுல காட்டணும். உங்க இங்கிலீசு மருந்துக்கடைக்காரனுக்கே வெளங்கமாட்டேங்குது."

எழுதினேன். "மூலம். பயப்படத் தேவையில்லை." கீழே கையெழுத்து, முத்திரை. என் பணிக்காலத்தில் யாரும் படிக்கும்படியாக நான் எழுதிய சீட்டு அநேகமாக அது ஒன்றுதான்.

அவர் போனபிறகு சிஸ்டர் பட்டியலை மேஜைமேல் வைத்தார். "சார், நீங்க பாக்கவே இல்லையே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் மகன் வந்து பார்த்துக்கொள்வான் என்று நான் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை. எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர், அவ்வளவுதான் பேச முடியும். உங்களுக்குக் கீழே இருக்கிறவர்கள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்கள். இரண்டாவது தடவை சொல்லமாட்டார்கள்.

இரண்டு மாதம் போயிற்று. ரியாஸுக்கு லீவு கிடைக்கவில்லை. போன் செய்தேன், அடுத்த மாதம் என்றான். கல்யாணத்துக்கு வந்தவன் நாலே நாளில் திரும்பிவிட்டான். கல்யாண வீட்டில் அத்தாவை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, ரம்ஜானுக்கு நிச்சயமாக வருகிறேன் என்று போகும்போது போனில் சொன்னான். அதற்குப் பிறகு நான் போன் செய்யவில்லை. அதைவிடக் கேவலம், சீட்டு எழுதிய நாளிலிருந்தே கடைப்பக்கம் போவதை நிறுத்தியிருந்தேன். பாய் மாத்திரைக்கு வரும் நாளில் எனக்குக் கூட்டம் இருக்கும், அல்லது இருப்பதாகச் சொல்லச் சொல்வேன்.

இந்த நாட்களில் அவர் என்ன செய்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ரத்தம் அதிகமானபோது கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். போனதும் என் சீட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். அரசு டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் போட்டு மூலம் என்று எழுதியிருக்கிறான், அந்த டாக்டரும் தடவுவதற்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவரை நான் குறை சொல்ல முடியாது. அடுத்து நாட்டு மருந்துக் கடையில் கருணைக்கிழங்கு லேகியம். வீட்டில் துத்திக்கீரை. உடம்பு மெலிந்தபோது காரம் புளி விட்டதால் என்று நினைத்துக்கொண்டார்கள். என் சீட்டு அவருக்கு முன்னால் ஒவ்வொரு கதவாகப் போய்ச் சாத்திக்கொண்டே வந்தது.

தை மாதம் அறுவடை நடந்துகொண்டிருக்கும்போது சிஸ்டர் என் அறைக்கு வந்தார். நாலு மாதமாக டப்பாக்கள் சரியாகத் திரும்புவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் வந்தது அதற்காக இல்லை. நடவு வேலை பார்க்கும் மங்களம் என்ற பெண்ணுக்கு ரத்தம் இருப்பதாக முடிவு வந்திருந்தது. அவளைத் தஞ்சாவூருக்குக் கிளப்ப மூன்று தடவை வீட்டுக்குப் போயும் அவள் வரவில்லை.

"வரமாட்டேங்குது சார். கனி பாய் கடையில நீங்க எழுதுன சீட்டு இருக்காம். டப்பாவுல ரத்தம் வந்தா மூலம்தான், டாக்டரே பயப்பட வேணாம்னு எழுதியிருக்காரு, நீ எதுக்கு என்னைக் கேமராவுக்கு இழுக்குறேன்னு சண்டைக்கு வருது. அது மட்டும் இல்ல, எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

அன்று மத்தியானம் கடைக்குப் போனேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அவரைப் பார்க்கிறேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி வைத்திருந்தவர்கள் மேகம் கறுத்ததைப் பார்த்துத் தார்ப்பாய்க்காக முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். கனி பாய் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். ரத்தம் குறைந்து உதடு வெளுத்திருந்ததை நாலடி தூரத்திலிருந்தே பார்த்தேன். என்னைக் கண்டதும் மலர்ந்து, டீ சொல்லி அனுப்பினார்.

அவர் மேஜையின் மேல் ஒரு கண்ணாடி போட்டிருக்கும். அதன் அடியில் கம்பெனி விலைப்பட்டியல்கள், பள்ளிவாசல் தொழுகை நேர அட்டை. அவற்றுக்கு நடுவில் என் சீட்டு. வருகிறவர்கள் படிக்கும்படி, எங்கள் பக்கம் பார்த்தாற்போல் வைத்திருந்தார்.

"ஆளாளுக்குப் பயந்து சாவுறானுவ சார். நீங்க எழுதுனதத்தான் எல்லாருக்கும் காட்டுறேன்" என்றார். எனக்கு உதவி செய்வதாகவே அவர் நினைத்திருந்தார்.

நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் வந்தார். திரையை இழுத்துவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டேன். அவர் ஒன்றும் வெட்கப்படவில்லை. "கூச்சமா இருந்தா கண்ண மூடிக்குங்க சார்" என்று என்னிடம் சொன்னார். விரல் உள்ளே போனதும் தட்டுப்பட்டது. கல் மாதிரி, ஓரம் மேடும் பள்ளமுமாக. விரல் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆடி மாதம் பார்த்திருந்தால் அப்போதும் விரலுக்கு எட்டியிருக்கும், இதைவிடச் சிறியதாக. அதற்குமேல் நான் சொல்ல வேண்டாம், நீங்கள் டாக்டர்கள்.

"அப்ப மூலம் இல்லையா?" என்று கேட்டார், கைலியைக் கட்டிக்கொண்டே.

"இல்ல பாய். கட்டி இருக்கு. இன்னைக்கே தஞ்சாவூர் போறோம்."

நானே கூடப் போனேன். கேமரா விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மலக்குடலில் ஆரம்பித்தது ஈரலுக்கும் போயிருந்தது. அறுவை சிகிச்சை செய்து, மலம் வெளியேற வயிற்றில் பை வைத்தார்கள். ரியாஸ் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். இவ்வளவும் நடந்து முடிகிற வரைக்கும் ஆடி மாதமே எனக்குத் தெரியும் என்பதைப் பாயிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்கமாட்டார் என்று நம்ப ஆரம்பித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரியாஸ் கால்மாட்டில் நின்றான். தஞ்சாவூரில் ஒரு சின்ன டாக்டர் பழைய பட்டியலைப் பார்த்துவிட்டு, ஆடி மாசமே ரத்தம் வந்திருக்கிறதே, ஏன் அப்போதே வரவில்லை என்று அவரைக் கேட்டிருக்கிறார்.

"நான் சொன்னேன், எங்க டாக்டரு மூலம்னு சொன்னாருன்னு. அவரு ஒண்ணும் பேசல. என்ன சார், உங்களுக்கு அப்பவே சந்தேகம் இருந்துச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரியாஸ் அழுதுவிட்டான். "நான்தான் அத்தா சொல்ல வேணாம்னேன். சார் மேல தப்பில்ல. கல்யாணம் முடியட்டும்னு நான்தான் கெஞ்சுனேன்."

நான் சும்மா இருந்தேன். எத்தனை நொடி என்று தெரியாது. தப்பை அந்தப் பையன் எடுத்துக்கொண்டான், நான் அதை எடுத்துக்கொள்ள விட்டேன். இந்தக் கட்டுரையில் எழுதக் கை வராத இடம் இதுதான்.

கனி பாய் மகனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அவன் மவன் சார். பயந்துட்டான். நீங்க டாக்டருல்ல?"

குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்று கேட்பதைப் போலக் கேட்டார். நானும் பயந்துவிட்டேன் பாய் என்றேன். அது ஒன்றுதான் அந்த வருடத்தில் அவரிடம் நான் சொன்ன உண்மை.

பிறகு ரியாஸை அனுப்பிக் கடை மேஜையின் கண்ணாடியைத் தூக்கி அந்தச் சீட்டை எடுத்து வரச் சொன்னார். சீட்டு வந்ததும் என்னிடம் கொடுத்தார்.

"இதப் பாத்துட்டு எத்தன பேரு டப்பா வாங்காமப் போனானுவளோ. நான்தானே காட்டுனேன். இதுலயே எழுதுங்க சார், இது தப்புன்னு."

பேனாவை எடுத்தேன். ஓய்வு பெற எனக்கு ஐந்து மாதம் இருந்தது. நோயாளியிடம் பொய் சொன்னதாக என் கையெழுத்திலேயே ஒரு காகிதம், அதுவும் கடைத்தெருவில். யாராவது படம் எடுத்து அனுப்பினால் என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன். சாகப் போகிற மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், என் மனம் பென்ஷனுக்குப் போயிற்று. ஆகவே இப்படி எழுதினேன்: "மேற்படி நோயறிதல் பிற்காலப் பரிசோதனைகளின் அடிப்படையில் மாற்றத்துக்குள்ளானது."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"முன்ன எழுதுனது எனக்குப் புரிஞ்சுது சார். இது புரியல."

சீட்டைத் திருப்பி என் மடியில் வைத்தார்.

நான் எழுதிய அந்த வரியை அடித்தேன். "மூலம்" என்பதையும் அடித்தேன். இடம் போதாமல் பின்னால் எழுதலாமா என்று கேட்டேன். பின்னால் எழுதினால் யார் பார்ப்பார்கள் என்றார். ஓரத்திலும் அடியிலுமாக நெருக்கி எழுதினேன். "இது தவறு. டப்பாவில் ரத்தம் தெரிந்தது. உடம்பைப் பார்க்காமலே மூலம் என்று எழுதினேன். உண்மையை இவரிடம் சொல்லவில்லை. இவருக்கு இருந்தது புற்றுநோய். ரத்தம் வந்தால் உள்ளே பார்க்காமல் யார் மூலம் என்று சொன்னாலும் நம்ப வேண்டாம், நான் சொன்னாலும்." கையெழுத்துப் போட்டேன். அவர் படித்தார். சரி என்பதுபோல் தலையை ஆட்டி ரியாஸிடம் கொடுத்து, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார்.

மங்களம் அந்த வாரம் கடைக்கு வந்து அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். சிஸ்டர் அவளைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனார். உள்ளே பார்த்தார்கள். அவளுக்கு நிஜமாகவே மூலம்தான். சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் அது பார்த்த பிறகு சொன்ன மூலம். டப்பாக்கள் மறுபடி வர ஆரம்பித்தன. கனி பாய் குறுவை அறுப்பைப் பார்க்கவில்லை.

இது நடந்து மூன்று வருடமாகிறது. யாரும் அந்தச் சீட்டைப் படம் எடுத்து எங்கும் அனுப்பவில்லை. என் பென்ஷன் ஒழுங்காக வருகிறது. கடையை ரியாஸ் பார்த்துக்கொள்கிறான். இந்த மூன்று வருடத்தில் நான் அங்கே போனதில்லை. கயிறு வேண்டுமென்றால்கூடப் பாபநாசத்துக்குப் போய் வாங்குவேன்.

இதை எழுதச் சொன்னபிறகு, அந்தச் சீட்டில் என்ன எழுதினேன் என்று சரியாகப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்பதற்காகப் போன மாதம் போனேன். அது அங்கேயே இருந்தது. மை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. நான் குனிந்து படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் சாக்குக் கட்டோடு நின்ற ஒருவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், தானும் எட்டிப் பார்த்துப் படித்தார். "யாரு இந்த டாக்டரு?" என்று ரியாஸைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான், சொல்லவில்லை.

"நான்தான்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ரொம்பத் தாழ்ந்த குரலில், அந்த டப்பா எங்கே தருகிறார்கள் என்று கேட்டார். ரியாஸ் மேஜைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு நோட்டை விரித்து அவர் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டான். சிஸ்டர் செவ்வாய்க்கிழமை வந்து நோட்டைப் பார்த்துவிட்டு, முடிவு வந்ததும் அவரவரிடமே நேரில் சொல்வாராம். அந்த நோட்டு அத்தா இறந்த மாதத்திலேயே ஆரம்பித்ததாம்.

அவர் போனபிறகு நோட்டை நான் பார்க்கலாமா என்று கேட்டேன். என் பக்கம் திருப்பி வைத்தான். முதல் பக்கத்தில் முதல் பெயர் அவனுடையது.

அப்பாவுக்கு இந்த நோய் வந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும், ஐம்பது வயது வரை காத்திருக்காமல் நாற்பதிலேயே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அப்போதே அவனுக்கு நாற்பது ஆகியிருந்தது என்பதும் தெரியும். அவன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று வருடம் வேறு கடையில் கயிறு வாங்கினேனே தவிர, இதைச் சொல்ல அவனிடம் நான் போகவில்லை. அப்பாவுக்குச் செய்ததையே பிள்ளைக்கும் செய்துகொண்டிருந்தேன்.

"யாரு சொன்னா உனக்கு?" என்று கேட்டேன்.

"சிஸ்டர்தான் சார். அத்தாவ அடக்கம் பண்ணின மறுவாரமே வந்து, போவணும்னு உக்காந்துட்டாங்க" என்றான். "உள்ள ரெண்டு சின்ன கட்டி இருந்துச்சு. அப்பவே எடுத்துட்டாங்க. விட்டிருந்தா அத்தாவுக்கு வந்தது மாதிரி ஆயிருக்கும்னு சொன்னாங்க."

கயிறு வேண்டும் என்றேன். எத்தனை மீட்டர் என்று கேட்டான். பத்து என்றேன். அளந்து கொடுத்தான். வாங்கிக்கொண்டு வந்தேன்.